சனிக்கிழமை சல்சா, ஞாயிற்றுக்கிழமை ஓலை

தம்பியின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க நான் வந்தே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அதனால் மற்றவர்களுக்கு முன்பே நான் மட்டும் மஸ்கட்டிலிருந்து கிளம்பினேன். கணவரும் பிள்ளைகளும் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தால் போதும் என்று முடிவானது. பட்டு எடுப்பதில் எனக்கு ஒரு சாமர்த்தியமும் கிடையாது. அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். பருத்திச் சேலையிலேயே காலத்தை ஓட்டுகிறவள். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா கை வைத்து எடுத்த புடவையைத்தான் பெண் கட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம். சட்டத்தை இயற்றியவள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான என் அம்மா. அதற்கு மேல்முறையீடு இல்லை.

வியாழக்கிழமை மதியம் மதுரையில் இறங்கியபோது ஜெபா வெளியே நின்றிருந்தான். ஜெபராஜ் என்பது முழுப் பெயர். எனக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவன். இடுப்பில் தூக்கி வளர்த்த உரிமையில் அவனுக்கு நான் பாதி அம்மா என்று எனக்கு ஓர் எண்ணம். இரண்டு பெரிய பெட்டிகளோடு வருகிற அக்காவை அழைத்துப் போக அவன் பைக்கில் வந்திருந்தான். பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவனும் அப்போதுதான் அதை யோசித்தான்.

கடைசியில் பெட்டிகளை ஓர் ஆட்டோவில் ஏற்றி, வழி சொல்லி, அதன் பின்னாலேயே நாங்கள் பைக்கில் போனோம். அவனியாபுரம் தாண்டுவதற்குள் ஆட்டோவைத் தொலைத்துவிட்டோம். மஸ்கட்டில் சாலைகள் நேராக இருக்கும், வண்டிகள் கோட்டுக்குள் போகும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வளைவில் பிடித்துவிடலாம். இங்கே ஒரு ஆட்டோ சந்துக்குள் நுழைந்தால் நுழைந்ததுதான். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு, அம்மாவின் பேரீச்சம்பழம், என் நகை எல்லாம் போச்சு என்று புலம்பிக்கொண்டே பசுமலைக்கு வந்து சேர்ந்தேன். ஆட்டோக்காரர் எங்கள் வாசலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று எங்களைக் கேட்டார்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானும் அம்மாவும் சிரித்தோம். ஜெபா சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கிற பையன் இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பானா? அவனுக்கு இந்தக் கல்யாணம் பிடித்திருக்கிறதா, இல்லையா? அந்தச் சந்தேகம் அன்றைக்கே எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

பெண் நாகர்கோவில் பக்கம். பெயர் ஷீபா. அவளும் டீச்சர். வீடியோவில் பேசியிருக்கிறேன், நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை என்று அம்மா சொன்னாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் ஆராதனையில் வாசிப்பார்கள். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். பெண்ணின் ஊர்ச் சபையிலும் அதே நாளில் வாசிப்பார்கள். யாரும் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. மூன்றாம் ஓலை முடிந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை விளக்குத்தூண் பக்கம் பட்டு எடுக்கப் போனோம். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போவதும் அன்றைக்குத்தான். அந்த நேரத்தில் கடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து புடவை விரிப்பதைப் பார்த்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கடைக்காரர் சந்தன நிறத்திலும் பால் நிறத்திலும் விரித்துத் தள்ளினார். அம்மா ஒவ்வொன்றையும் பரீட்சைத்தாள் திருத்துவது போலப் பார்த்து ஒதுக்கினாள். ஜெபாவிடம் காட்டினால் எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு என்றான். சோதித்துப் பார்க்கலாம் என்று, கடைப்பையனின் தோளில் கிடந்த துண்டை விரித்துக் காட்டினேன். அதற்கும் நல்லாருக்கு என்றான்.

கடைசியில் நான் கை வைத்த ஒரு சந்தன நிறப் புடவையை எடுத்து, அம்மாவை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு அவனைப் பருத்திப்பால் கடைக்கு இழுத்துப் போனேன். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, சூடாக, கெட்டியாக இருந்தது. மஸ்கட்டில் பருத்திக்கொட்டை வாங்கி ஒரு முறை நானே செய்து பார்த்திருக்கிறேன். வீட்டில் யாரும் வாயில் வைக்கவில்லை. பாதித் தம்ளர் போன பிறகு நேராகவே கேட்டேன். உனக்கு ஷீபாவைப் பிடிக்கவில்லையா என்று. அந்தப் பெண் மேல் ஒரு குறையும் இல்லை என்றான். வேறு என்ன என்றேன். தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ராத்திரி என்கூட ஒரு எடத்துக்கு வாக்கா. பாத்துட்டு ஒனக்கு என்ன தோணுதோ சொல்லு."

அது என்ன இடம் என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று வருஷமாக அவன் சல்சா ஆடுகிறான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரு மாடியில் கூடுவார்கள். அதைச் சோஷியல் என்பார்கள். அம்மாவைப் பொறுத்தவரை அவன் பேட்மின்டன் விளையாடப் போகிறான். கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டத்தை விட்டுவிடச் சொல்வார்களோ என்று பயப்படுகிறான், அதற்கு என்னிடம் சிபாரிசு கேட்கிறான் என்று நான் நினைத்தேன். எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவ்வளவுதானே, ஷீபாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று எனக்குள்ளேயே முடிவும் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை கிளம்பும்போதே சகுனம் சரியில்லை என்று அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். பழங்காநத்தம் தாண்டியதும் பைக் பஞ்சர். கடையில் வண்டியை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றினோம். பக்கத்தில் ஓர் அம்மா மடியில் இரண்டு கோழிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்று என் சேலையை விடாமல் கொத்தியது. எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டார். டான்ஸுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு விசேஷத்துக்கு என்றேன். சாப்பாடு முடிந்திருக்குமே இந்நேரம் என்று அவர் வருத்தப்பட்டார்.

பைபாஸ் ரோட்டில் ஒரு ஜிம்மின் மொட்டை மாடி. சல்சா என்றால் மங்கலான விளக்கு, கையில் மதுக் கோப்பை என்று நான் கற்பனை செய்திருந்தேன். மஸ்கட்டில் பெரிய ஓட்டல்களில் அப்படித்தான் நடக்கும் என்று கேள்வி. இங்கே நான்கு டியூப்லைட், ஒரு தண்ணி கேன், ஒரு அண்டாவில் லெமன் ஜூஸ், தட்டு நிறைய சமோசா. சிமெண்டுத் தரையில் கால் வழுக்காது என்பதால் பழைய ஃப்ளெக்ஸ் போர்டுகளைத் திருப்பிப் போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, மேலே முகப் பவுடர் தூவியிருந்தார்கள். ஒரு மூலை மடங்கிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். யாரோ இரண்டு குழந்தைகளின் காதணி விழா. தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிட்டபடி படுத்திருந்தார். மதுரையில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் எதுவும் நடக்காது, சல்சா உள்பட.

பாட்டுப் போடுகிறவர் சலீம். கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஜெபாவை மாப்ள என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சமோசாவும் கொடுத்தார். ஆட வந்தவர்கள் மொத்தமே இருபது பேர் இருப்பார்கள். காலேஜ் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், ஒரு தம்பதி. ஒன் டூ த்ரீ என்று மூன்று அடி, ஒரு நிறுத்தம், திரும்ப மூன்று அடி. ஒரு பாட்டு முடிந்ததும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். யாரும் யாரோடும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்கு முதலில் காதில் விழுந்தது பாட்டு இல்லை. அண்ணே. எங்கே திரும்பினாலும் அண்ணே. "அண்ணே, கைய லூசா விடுங்க." "இன்னொரு தடவ சுத்தி விடுங்கண்ணே." "மிதிச்சுட்டேன், சாரிண்ணே." கட்டிப்பிடிக்காத குறையாக ஆடிக்கொண்டே ஒவ்வொரு பெண்ணும் எதிரில் இருப்பவனை அண்ணே என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சலீம் விளக்கம் சொன்னார். ஆரம்பித்த புதிதில் ஒரு பெண்ணின் அப்பா சண்டைக்கு ஆள் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாராம். அந்தப் பெண் ஒவ்வொருவரையும் காட்டி, இவர் சலீம் அண்ணே, இவர் ஜெபா அண்ணே என்று வரிசையாக அறிமுகம் செய்து வைத்ததாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து லெமன் ஜூஸ் குடித்துவிட்டு, பார்த்து ஆடுங்கப்பா என்று சொல்லிப் போய்விட்டாராம். அன்றிலிருந்து அதுவே இந்த மாடியின் சட்டமாகிவிட்டது. ஊர் வாயை மூட ஒரு சொல் போதும் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டுமே.

ஒரே ஒருத்தி மட்டும் ஜெபா என்றாள். வனிதா என்று பெயர். மெலிந்த, உயரமான பெண். அவளும் அவனும் ஆடியதைப் பார்த்தேன். வீட்டில் கூன் போட்டுக்கொண்டு நடக்கிற என் தம்பி அங்கே நிமிர்ந்து நின்றான். மற்றவர்கள் அடுத்த அடியை யோசித்து யோசித்து வைத்தார்கள். இவர்கள் ஏதோ பேசிக்கொண்டே ஆடினார்கள். கால் அதுபாட்டுக்குப் போனது. அவன் விரலை லேசாகத் தூக்குவான், அவள் அதற்குள் திரும்பியிருப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பரவாயில்லை, நம்ம பயல் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று மார்க் போட்டேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பாட்டு முடிந்ததும் அவளை என்னிடம் அழைத்து வந்தான். அவள் ஒரு துணிப்பை நிறையப் பச்சைக் கடலை கொண்டு வந்திருந்தாள். எங்க தோட்டத்துக் கடலை மேடம், மண்ணெல்லாம் அலசிட்டேன் என்று என் மடியில் வைத்தாள். சமயநல்லூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார்கள், அவள் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பேசினாள். மஸ்கட்டில் கடலை விளையுமா என்று கேட்டாள். மணல்தான் விளையும் என்றேன். சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது.

"ஒங்கள நான் எப்படிக் கூப்பிடணும் மேடம்?"

ஜெபா தண்ணீர் பாட்டிலோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அது சாதாரணக் கேள்வியா? ஒருத்தியை அக்கா என்றால் ஒரு முறை, மதினி என்றால் வேறு முறை. அது தெரியாமல் நான் வளரவில்லை. ஆனால் அந்தப் பெண் மேடம், மேடம் என்று தள்ளி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. கூலிக்காரர் மகள் என்று நான் ஏற்றத்தாழ்வு பார்ப்பதாக அவள் நினைத்துவிடக் கூடாது. அவளை வீட்டு மனுஷியாக்கிக்கொள்ள வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன். அந்த ஆசையில், டீச்சர் வாய் சும்மா இருக்காமல், அவள் தோளில் கை போட்டுச் சொன்னேன்.

"மேடம் என்ன மேடம், அக்கான்னு கூப்பிடு. நீ எங்க வீட்டுப் பொண்ணு. இவன் ஒனக்கு அண்ணன். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க, எல்லாரும் போல அண்ணேன்னு சொல்லிப் பழகு."

கேலியாகத்தான் சொன்னேன். ஜெபா தண்ணீரைக் குடிக்காமல் மூடியைத் திருகினான். வனிதா சரிங்கக்கா என்றாள். பிறகு கடலைப்பையின் வாயைச் சுருட்டி, கொட்டாமல் இருக்க என் கையில் பத்திரமாகக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து ஆடவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஜெபா காலேஜ் பிள்ளைகளோடு இரண்டு பாட்டு ஆடினான். ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டான். மற்றவர்கள் ஃப்ளெக்ஸைச் சுருட்டத் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பைபாஸில் லாரிகளும் பரோட்டாக் கடைகளும் அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தன.

இராத்திரியில் தனியாகப் போகிற பெண்ணுக்குப் பின்னால் துணைக்கு ஒரு வண்டி போக வேண்டும் என்பதும் அந்த மாடியின் ஏற்பாடு. வனிதாவின் ஸ்கூட்டர் பின்னால் சமயநல்லூர் வரைக்கும் போவது எப்போதும் ஜெபாதானாம். இன்றைக்கு அவனிடம் வண்டியில்லை. யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு வருகிறேன், இரு என்றான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வேணாம்ணே. நீங்க அக்காவக் கூட்டிட்டுப் போங்க. சலீம் அண்ணே வாராரு."

வயர் சுற்றிக்கொண்டிருந்த சலீம் கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பவுடரைக் கூட்டிக்கொண்டிருந்த பல் டாக்டரும் பார்த்தார். மாடியில் இருந்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது, என்னைத் தவிர. நான் அவளுக்கு டாட்டா காட்டினேன்.

பஞ்சர் ஒட்டிய பைக்கை வாங்கிக்கொண்டு, பழங்காநத்தத்தில் ஓர் இட்லிக் கடையில் நிறுத்தினான். அந்த நேரத்தில் ஆவி பறக்க இட்லி, தொட்டுக்கொள்ளக் குடல் குழம்பு. மஸ்கட்டில் எந்தப் பணக்காரனுக்கும் கிடைக்காது. நான் ரசித்துச் சாப்பிட்டேன். ஷீபாவிடம் நான் பேசுகிறேன், நீ டான்ஸை விட வேண்டாம் என்று சொன்னேன். அவன் தட்டில் இட்லி அப்படியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழம்புக் காரம் என்று இட்லிக்காரர் சர்க்கரை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு வருசத்துல ஒரு தடவகூட அவ என்னய அந்த வார்த்த சொன்னதில்லக்கா. வெளையாட்டுக்குக்கூடச் சொன்னதில்ல."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. குழம்புக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முன்னாடியே ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது. "சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயிருந்தா நீ அம்மா மகளா வந்து பாத்துருப்ப. சும்மா வந்தா எனக்கு அக்காவாப் பாப்பன்னு நெனச்சேன்."

போன வருஷம் அம்மாவிடம் அவளைப் பற்றி ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான். இந்துப் பெண் என்று சொன்னபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். எந்த ஊர் என்று கேட்டாளாம். அடுத்து, அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாளாம். பதில் வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாகர்கோவில் சம்பந்தத்தைத் தேடத் தொடங்கிவிட்டாள். என் தாத்தாவும் அப்படி ஓர் ஊரிலிருந்து, அப்படி ஒரு தெருவிலிருந்துதான் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தவர். எங்கள் வீட்டில் அவருடைய படிப்பைப் பற்றிப் பேசுவோம், ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுவோம். தெருவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்பவே போய் அம்மாவை எழுப்பிப் பேசுகிறேன் என்றேன். நாளைக்கு ஓலை வாசிக்கும் முன்னால் போதகரைப் பார்ப்போம் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் இனிமேல் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்றான். நான் அவன் போனைப் பிடுங்கி வனிதாவுக்கு அடித்தேன். அவள் வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். பின்னால் நாய் குரைப்பது கேட்டது. தெரியாமல் சொல்லிவிட்டேன், வாய் தவறிவிட்டது, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று நான் அழுதேன். அவள் அழவில்லை.

"நீங்க தப்பாச் சொல்லலக்கா. நல்ல மனசோடதான் சொன்னீங்க, தெரியும். ரெண்டு ஓலை வாசிக்கிற வரைக்கும் அவரு வாயத் தொறக்கல. மூணாவதுக்கு முந்துன நாள் ஒங்களக் கூட்டியாராரு, அவருக்குப் பதிலா நீங்க பேசணும்ண்டு. நானும்தான அப்படி நெனச்சு, எங்கம்மாவ விட்டுக் கடலை புடுங்கச் சொல்லி எடுத்துட்டு வந்தேன்." குரைத்த நாயை அதட்டினாள். "அந்தப் பொண்ணும் அவுக ஊர்ச் சபையில உக்காந்து தன் பேரை ரெண்டு தடவ கேட்டிருக்கும்லக்கா. நான் அண்ணேன்னு சொல்லிட்டேன். சொன்னதச் சொன்னதாவே இருக்க விடுங்க."

போனை வைக்கும் முன், கடலையை நாளைக்கே அவித்துவிடச் சொன்னாள். ஈரத்தோடு வைத்தால் முளைத்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எனக்கு முன்பே எழுந்து கடலையை அவித்திருந்தாள். ஒன்றை உரித்து வாயில் போட்டு, என்ன ருசி, யார் வீட்டுத் தோட்டம் என்று கேட்டாள். நான் அடுப்படியில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா, உங்களிடம் ஒன்று பேச வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஜெபா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஃப்ரெண்டு வீட்டுத் தோட்டம்மா, நேரமாச்சு, கிளம்புங்க என்றான். என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போலக் கையை மட்டும் அசைத்தான். அம்மா கடலையில் ஒரு கிண்ணம் எடுத்துப் போதகர் வீட்டுக்கு என்று மூடி வைத்தாள்.

ஆராதனையில் முன்பெல்லாம் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இப்போது குடும்பமாகச் சேர்ந்து உட்காருகிறார்கள். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் ஜெபா. மின்விசிறிச் சத்தத்தில் அறிவிப்புகள் பாதிதான் காதில் விழுந்தன. பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஞாயிறு பள்ளி, கோயிலுக்கு வெள்ளையடிப்பு. பிறகு போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலையை எடுத்தார். ஜெபராஜின் பெயரை வாசித்தார். காலமான அப்பா பெயரை, தாத்தா பெயரை, பசுமலையை வாசித்தார். ஷீபாவின் பெயரை வாசித்தார். அங்கே நாகர்கோவிலில் அந்தப் பெண்ணும் இதே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இவர்கள் சேரக் கூடாதபடி நியாயமான தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். இது மூன்றாம் முறை என்றார்.

முறை. நேற்று ராத்திரி மாடியில் நான் மாற்றி வைத்ததும் ஒரு முறையைத்தான்.

எனக்குத் தெரிந்த தடைக்குச் சட்டத்தில் இடமில்லை. என் தம்பி வேறு ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறான், அவளை நான் அவனுக்குத் தங்கச்சி ஆக்கிவிட்டேன் என்று சபையில் எப்படிச் சொல்வது? சொன்னால் யாருக்கு நல்லது, ஷீபாவுக்கா, வனிதாவுக்கா? எதுவும் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். சபை முழுவதும் எழுந்து நின்றது. ஆர்கன் தொடங்கியது. எல்லாரையும் போல நானும் பாட்டுக்கு எழுந்தவளாகிவிட்டேன்.

ஜெபாவுக்கு மட்டும் தெரியும், நான் எதற்கு எழுந்தேன் என்று. அவன் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, பாதியை என் பக்கம் நீட்டி, முதல் வரியில் விரலை வைத்தான்.

"பாடுக்கா" என்றான்.

பாடினேன். உரக்கப் பாடினேன். இந்தப் பக்கம் அம்மா திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷம் மஸ்கட்டில் இருந்தாலும் மகளுக்கு ஒரு பாட்டும் மறக்கவில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.